ஒன்பதாவது ரீலில் இருந்த தெரு

படத்தில் பெயர்கள் ஓடும்போது நாங்கள் உள்ளே இருந்ததேயில்லை. பனியன் கம்பெனியில் ஆறு மணிக்குச் சங்கு. தலையிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சைத் தட்டி, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, நொய்யல் பாலத்தைத் தாண்டி ஓடிவந்து டிக்கெட் வாங்கி, இருட்டுக்குள் தடுமாறி உட்காரும்போது கதாநாயகனின் அப்பா செத்திருப்பார். இல்லையென்றால் கதாநாயகி முதல் குடத்தை இடுப்பில் ஏற்றியிருப்பாள். டைரக்டரின் பெயர் கடைசியாக வரும் என்பார்கள். அந்தக் கடைசிக்குக்கூட எங்களால் வந்து சேர முடிந்ததில்லை.

அதனால் எங்களுக்கு எந்தப் படத்துக்கும் பெயருள்ள டைரக்டர் கிடையாது. கையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தைத்த பனியனைப் புரட்டிப் பார்த்தால் எந்த டெய்லர் தைத்தது என்று சொல்லிவிடலாம், அப்படி. சுவரொட்டியில் பெயர் இருக்கும்தான். அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவது எங்கள் பந்தயத்தின் விதி. பந்தயம் ஒரு டீயும் பன்னும்.

ஆளுக்கொரு பெயர் நாங்களே வைத்திருந்தோம். படிக்கட்டுக்காரர் என்று ஒருவர். எவ்வளவு ஏழை வீடாக இருந்தாலும் எங்கிருந்தாவது ஒரு படிக்கட்டைக் கொண்டுவந்துவிடுவார். வாழப்போகிறவர்களை ஏற்றிவிடுவார், சாகப்போகிறவர்களை இறக்கிவிடுவார். நிழல்காரர் என்று இன்னொருவர். அவர் படத்தில் மனிதர் வருவதற்கு முன்னால் சுவரில் நிழல் வந்து நிற்கும். கணவனும் மனைவியும் ஒரே வெளிச்சத்தில் சேர்ந்து நிற்கவே மாட்டார்கள். மேடைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரையும் கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல வரிசையாக நிறுத்திப் பேசவிடுவார். பாதிப் பேச்சில், பேசுகிறவனை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகத்தைக் காட்டுவார். அந்த ஒரு முகத்துக்காக அவருடைய இருபது நிமிட வசனத்தையும் மன்னித்துவிடுவேன்.

வடக்கத்திக்காரர் ஒருவரின் படம் கோயமுத்தூரில் ஒரு ஞாயிறு காலை மட்டும் ஓடியது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பாட்டே இல்லை. கோயில் வாசலில் ஒரு கிழவர் தன் செருப்பைத் தேடுகிறார். கேமரா அவசரப்படாமல் அவரோடு தேடுகிறது. செருப்பு கிடைக்கவில்லை. அவர் வெறுங்காலோடு நடந்துபோகிறார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் ஏறி இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

இருவர் என்பது நானும் என் சிநேகிதனும். நான் கட்டிங், அடுக்கிய துணியை அளவுக்கு வெட்டுவது என் வேலை. அவன் ஓவர்லாக் டெய்லர். சாமளாபுரத்து நெசவுக் குடும்பம். வீட்டில் எல்லோரும் தறிக்குழியில் இருக்க, இவன் மட்டும் எட்டு மைல் சைக்கிள் மிதித்துத் திருப்பூருக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தான். அதற்குக் காரணம் சினிமாக் கொட்டகை. வேறொன்றுமில்லை.

ஒரு நாள் குடிசைப் படம் ஒன்று. நான் கிசுகிசுத்தேன்.

"ஏப்பா, இது யாரு?"

"படிக்கட்டுக்காரர்."

"குடிசையில எங்கீப்பா படிக்கட்டு வரும்?"

"பொறு. மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு."

அடுத்த ரீலில் கதாநாயகி மலையேறினாள். "வந்துருச்சு!" என்று நான் கத்திவிட்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பினார். "ஏனுங்க, படம் பாக்க வந்தீங்களா, பந்தயம் கட்ட வந்தீங்களா?" என் சிநேகிதன் கையெடுத்துக் கும்பிட்டான். "ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டுங்க."

அவனுக்கு மட்டும் படிக்கட்டும் நிழலும் தேவைப்படாது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லுவான். "வெட்டறதுக்கு முந்தி எத்தன நேரம் பொறுக்கறாருன்னு பாரு மாப்ள. ஆளு அதுலதான் இருக்கறாரு. மத்ததெல்லாம் முதலாளி சொன்னது, இல்லாட்டி நடிகரு கேட்டது." நானும் தலையாட்டுவேன். தெரிந்தவனைப்போலத் தலையாட்டுவதில் அந்தக் காலத்தில் எனக்கு ஈடு யாருமில்லை. பந்தயத்தில் அவனைவிட நான்தான் அதிகம் ஜெயித்திருந்தேன். கம்பெனியில் என்னைச் சினிமாக்காரன் என்றே கூப்பிட்டார்கள், அவனை அல்ல.

அவன் மெட்ராசுக்குப் போனான். எட்டு வருஷம் உதவி டைரக்டர். தேங்காய் உடைக்க, நாற்காலி போட, நடிகையின் நாய்க்குப் பிஸ்கட் வாங்க. கடிதங்கள் வருஷத்துக்கு இரண்டு வரும். ஒன்பதாவது வருஷம் அவனுக்கு ஒரு படம் கிடைத்தது. அது முடிந்து, எங்கள் ஊருக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது, இந்தக் கடிதம் வந்தது. இதை என்னால் இன்றும் பார்க்காமல் எழுத முடியும்.

"ஆறு பாட்டு. மூன்று சண்டை. பட முதலாளியின் மைத்துனருக்குக் காமெடி வேடம். எல்லாம் அவர்கள் சொன்னது. ஒரே ஓர் இடம் மட்டும் என்னுடையது. அதற்காகத்தான் மற்றதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். பெயரே பார்க்காமல் ஆளைக் கண்டுபிடிக்கிறவன் நீ, என்னையும் கண்டுபிடி. ஞாயிறு மேட்னிக்கு வருகிறேன். கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவரும் வருகிறார். அந்த இடத்தை அவர் பார்த்து அவருக்குப் பிடித்தால், அடுத்த படத்தை என் இஷ்டத்துக்கு எடுக்க விடுவார். பிடிக்காவிட்டால் நான் மறுபடி நாய்க்குப் பிஸ்கட் வாங்கப் போகவேண்டியதுதான்."

வியாழக்கிழமை மத்தியானம் படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஆபரேட்டர் ஒரு பாய், வயதானவர். புதுப் படம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். காரணம் உண்டு. எங்கள் ஊரில் படம் நீளமாக இருந்தால் குறைத்துவிடுவார்கள். மேட்னிக் கூட்டம் வெளியே போகும் முன்பே ஃபர்ஸ்ட் ஷோ கூட்டம் கம்பெனிகளிலிருந்து வந்து வாசலை அடைத்துவிடும். பாய்க்குக் கை நடுங்கும். எனக்குக் கத்தரி பழகிய கை. ஒட்டினால் ஒட்டிய இடம் தெரியாது. இரண்டு மூன்று வருஷமாகவே அந்த வேலையை நான்தான் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன்.

மானேஜர் வந்து கதவில் சாய்ந்து நின்றார். "மூணேகால் மணி நேரம் ஓடுதாமுங்க. கால் மணி நேரத்தக் கொறச்சுப் போடுங்க."

"பாட்ட எடுத்தறலாமுங்களா?" பாய் கேட்டார்.

"பாட்டத் தொட்டீங்கன்னா நாற்காலிய ஒடச்சுப் போடுவாங்க, பாய். சண்டையையும் தொடாதீங்க. வேற எங்காச்சும் பாருங்க."

பாய் என்னைப் பார்த்தார். "உன்ற சிநேகிதன் படந்தானே தம்பி? வேண்டாமுன்னா விட்டுரு. நானே எப்படியாச்சும் வெட்டிப் போடறேன்."

அவர் நடுங்கும் கையால் வெட்டினால் வசனம் நடுவில் அறுபடும், முகம் பாதியில் போகும். மற்றவன் கை படுவதைவிட என் கை படட்டும் என்று நினைத்தேன். அன்பில்தான் நினைத்தேன். அவன் படத்துக்கு ஒரு கீறலும் விழாமல், ஒரு பேச்சும் ஒரு முகமும் போகாமல், ஓரத்து வேஸ்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். துணியில் நான் தினமும் செய்வது அதுதானே.

மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் போட்டுப் பார்க்க வழியில்லை. மேஜைமேல் பல்பைத் தொங்கவிட்டு, பிலிமை விரல்களுக்கிடையில் ஓடவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். யாரோ கதவைத் திறப்பதற்கு முன் வெறுமனே நிற்கும் கதவு, ஆறு அடி, வெட்டினேன். வண்டி போன பிறகும் தெரியும் சாலை, எட்டு அடி, வெட்டினேன். ஒன்பதாவது ரீலுக்கு வந்தேன். ஒரு பெண் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். அப்புறம் தெரு. தெருவில் நெசவுக்காக இழுத்துக் கட்டிய பாவு நூல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஆளில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. முழம் முழமாக இழுத்தேன், அதே தெரு, அதே நூல். முடிகிற பக்கம் மட்டும் பிலிம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டே போய், பிறகு வெளுத்திருந்தது.

துணிக்காரன் கண்ணுக்கு அது என்ன? ஒரே துணியில் ஒரு பக்கம் வெளுப்பாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் இருந்தால் அதைச் சலவைக் கோளாறு என்போம். செக்கிங்கில் தூக்கி எறிந்துவிடுவார்கள். பாவம், மெட்ராசில் பிலிமைச் சரியாகக் கழுவவில்லை, இது திரையில் வந்தால் அவனுக்கல்லவா கெட்ட பெயர் என்று நினைத்துக்கொண்டு, கதவு சாத்தியதிலிருந்து அடுத்த பேச்சு வரை முழுவதையும் எடுத்தேன். நூற்று முப்பது அடிக்கு மேல் இருக்கும். ஒட்டினேன். தடவிப் பார்த்தேன். தடயமே இல்லை. பாய் பார்த்துவிட்டு, "தங்கமான கை" என்றார்.

வெள்ளிக்கிழமை போய்ப் படத்தைப் பார்த்தேன். வழக்கம்போல டைட்டில் போய்விட்டிருந்தது. அவனைத் தேடினேன். பாட்டில் இல்லை. சண்டையில் இல்லை. மைத்துனர் வாழைப்பழத்தோலில் வழுக்கி விழும்போதெல்லாம் கொட்டகை சிரித்தது, நான் சிரிக்காமல் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம், நான் என் கையால் எடுத்துவிட்ட ஒன்றை என் கண்ணால் தேடினேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில், அம்மா அழும்போது கண்ணாடியில் மகன் முகம் தெரியும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். இதுதான், வேறெதுவாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவன் கம்பெனி வாசலில் வந்து நின்றான். வெள்ளைப் பேண்ட். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பழைய ஆட்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். பனியன் மடித்து அடுக்கும் அக்கா ஒருவர், "ஏஞ்சாமி, அந்த நடிகைய நேர்ல பாத்தியா, நெசமாலுமே அத்தன செவப்பா?" என்றார். "எல்லாம் நம்மூரு சலவைதானுங்க அக்கா" என்றான். எல்லோரும் சிரித்து முடித்துக் கலைந்ததும் என் தோளில் கை போட்டான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லு. நா எங்கிருக்கறேன்?"

"கண்ணாடி. அம்மா அழுகறது."

அவன் சத்தமாகச் சிரித்தான். "அது மைச்சுனன் ரோசனை மாப்ள! எதோ இங்கிலீசு படத்துல பாத்தாராமா. போச்சு, பன்னு போச்சு உனக்கு. ஒன்பதாவது ரீலப்பா! கதவச் சாத்துறா. அப்பறம் எங்கூட்டுத் தெரு. பாவு போட்டிருக்குது. மேகம் ஒண்ணு வருது. இந்தக் கோடியில நூலெல்லாம் இருட்டாகுது, அப்படியே இருட்டு நடந்து போகுது அந்தக் கோடிக்கு, பொறவு வெளுக்குது. அவ உள்ள என்ன பண்றான்னு காட்டவேயில்ல. ஒன்றரை நிமிசம், வெட்டே இல்ல. அந்த மேகத்துக்கு மூணு நாள் காத்துக் கெடந்தேன். மெட்ராசுல அத்தன பேரும் எடு எடுன்னாங்க. மாட்டேன்னேன். அத நீ பாக்கலையா?"

"அப்ப கொஞ்சம் கண் அசந்துட்டேன்னு நெனைக்கறேன்" என்றேன்.

என்னால் முடிந்தது அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்த அந்தப் பொய்யின் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. உடனே தேறினான். "செரி வுடு. நாளைக்கு ஒண்ணா உக்காந்து பாத்துக்கலாம்."

அவனைச் சாமளாபுரம் பஸ் ஏற்றிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். வெட்டிய துண்டுகளைப் பாய் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைப்பார். தகரம் காலி. "பஸ் ஸ்டாண்டுக்கிட்ட பொம்மை விக்கறவரு வாரம் தவறாம வந்து எடுத்துட்டுப் போயிருவாரே, உனக்குத் தெரியாதா தம்பி? நேத்துத்தான் வந்தாரு" என்றார் பாய்.

பொம்மைக்காரர் பிலிம் துண்டுகளை ஒவ்வொரு கட்டமாக நறுக்கி, அட்டைப் பெட்டியில் லென்ஸ் வைத்துக் குழந்தைகளுக்கு விற்பவர். நான் மூச்சிரைக்கச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார்.

"வெறும் தெருவுங்களா? ஆமாங்க, இருந்துச்சுங்க, நெம்ப நீளமா. அதுல மூஞ்சியே இல்லீங்களே. அத எந்தப் புள்ளீங்க வாங்கும்? மூஞ்சி இல்லாததயெல்லாம் வெளுத்துப் போடுவனுங்க. சாயம் தோச்சாப் புள்ளீங்க போடற கலர்க் கண்ணாடிக்கு ஆகுமுங்க."

கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். சலவைப் பட்டறையிலிருந்து வாங்கிவந்த பிளீச்சிங் தண்ணீர் ஒரு மண்தொட்டியில் நிறைந்திருந்தது. ஊர் முழுக்கப் பனியனை வெள்ளையாக்கும் அதே தண்ணீர். கயிற்றில் அந்தப் பிலிம் காய்ந்துகொண்டிருந்தது. நூற்று முப்பது அடி. தெரு இல்லை, நூல் இல்லை, மேகம் இல்லை. அதன் வழியாக அவருடைய சுவர் தெரிந்தது.

"சுத்தமா எடுத்திருக்கறனுங்க, பாருங்க" என்று ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

ஞாயிறு மேட்னிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சலவைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு வந்தான். மில் முதலாளி காரில் வந்து இறங்கினார். சொல்ல நேரம் இருந்தது. நேரம் இல்லையென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் நடுவில், வலது பக்கம் முதலாளி, இடது பக்கம் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக டைட்டில் பார்த்தேன். அவன் பெயர் வந்தது. கொட்டகை கைதட்டியது.

எட்டாவது ரீல் முடிந்தபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலாளி பக்கம் லேசாகச் சாய்ந்து, "இதப் பாருங்க" என்றான்.

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் சத்தம் அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரன், "சேதி தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. யாருக்கும் எதுவும் குறையவில்லை. நான் அத்தனை நன்றாக ஒட்டியிருந்தேன். அவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். சாய்ந்திருந்தவன் மெல்ல நேராகி உட்கார்ந்தான். நாற்காலிக் கையில் இருந்த அவன் விரல்கள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்றரை நிமிடம் எண்ணியிருப்பான் என்று நினைக்கிறேன். அப்புறம் நின்றுவிட்டன.

படம் முடிந்து வெளியே வந்ததும் முதலாளி அவன் தோளைத் தட்டினார். "படம் நெம்ப வெசையா போகுதுங்க தம்பி. எங்கியுமே நிக்கலீங்க. மெட்ராசுல என்னென்னமோ சொன்னாங்க, நீங்க எங்கியோ இழுத்து வெச்சிருக்கறீங்கன்னு. அப்படி ஒண்ணையுமே காணோமே. இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க. மத்தத நா பாத்துக்கறேன்."

"செரீங்க" என்றான் என் சிநேகிதன்.

அந்தத் தெருவைப் பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? கார் ஏறியிருப்பாரா, கண்ணைத் துடைத்திருப்பாரா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் புரண்டிருக்கிறேன். பதில் வேண்டுமென்றால் அந்த மேகம் திரும்பி வரவேண்டும்.

கார் போன பிறகு டீக்கடையில் நின்றோம். அவன் நிதானமாகக் கேட்டான். "பாய் வெட்டுனாரா?"

பாய்மீது பழியைப் போட்டிருக்கலாம். ஒரு பொய்யோடு என் பலம் தீர்ந்துபோயிருந்தது. "நாந்தான். திரையில பாக்கல. மேசைமேல வெச்சுப் பாத்தேன். பிலிமு மங்கி மங்கி இருந்துச்சு. கழுவுனதுல கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

கோபத்தை எதிர்பார்த்து நின்றேன். ஓர் அறை விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே அழுது தீர்த்திருப்பேன்.

"கோளாறுன்னு நெனச்சுட்டே" என்றான், மெதுவாக, புரிந்துகொள்கிறவனைப்போல. "நீயே நெனச்சுட்டியா." அப்புறம் டம்ளரை வைத்துவிட்டு, "நா கௌம்பறேன் மாப்ள" என்றான்.

மில் முதலாளிக்கு அவர் கேட்ட படத்தை எடுத்துக்கொடுத்தான். நன்றாக ஓடியது. அதற்கப்புறம் மூன்று. நான்கையும் நான் பலமுறை பார்த்தேன். அவன் எங்கேயாவது ஒளிந்திருப்பான் என்று, ஒரு கதவுக்குப் பின்னால், ஒரு வண்டி போன சாலையில், ஒரு பாட்டுக்கும் ஒரு சண்டைக்கும் நடுவில். யாரும் எங்கும் நிற்பதில்லை. கதவு சாத்தினால் இன்னொரு கதவு திறக்கிறது. சாவு வந்தால் உடனே பாட்டு. வெட்டும் கையில் நடுக்கமில்லை, ஒட்டு தெரிவதில்லை. அது என்னுடைய கை.

அந்த முதல் படத்தின் மூலப் பிரதி என்னவாயிற்று என்று மெட்ராசுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பட முதலாளியும் அவர் மைத்துனரும் வழக்குப் போட்டுக்கொண்டு எல்லாப் பிரதிகளின் பெட்டிகளையும் பூட்டிவைத்ததாகவும், பூட்டிய இடத்தில் மழைத் தண்ணீர் புகுந்ததாகவும் யாரோ ஒரு குமாஸ்தா பதில் எழுதினார்.

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு அவன் வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. சாப்பிட எழுந்தவனை மண்டபத்து ஓரத்தில் நிறுத்தி, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"எந்தப் படத்துலயுமே எங்கியும் நிக்க மாட்டேங்கறயே, ஏன்?"

அவன் யோசிக்கவே இல்லை. "நின்னா எவனாச்சும் வெட்டிப் போடுவான் மாப்ள. அதுக்கு நாமளே வெட்டிக்கறது நல்லதில்ல?"

என்னைக் குத்திக் காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. தொழிலைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சொல்கிறவனின் முகம். குத்திக் காட்டியிருந்தால், அந்தத் தெரு அவனுக்குள் இன்னும் எங்கோ இருக்கிறது என்று நான் நம்பியிருப்பேன்.

"வா, பந்தியில எடம் புடிக்கோணும்" என்று முன்னால் நடந்தான்.